சார்ல் அத்தனாசு வால்கெனார்

சார்ல் அத்தனாசு வால்கெனார் (டிசம்பர் 25, 1771 – ஏப்ரல் 28, 1852) பிரான்சு நாட்டைச் சேர்ந்த அரசு அலுவலர், புவியியலாளர், வாழ்க்கை வரலாற்று எழுத்தாளர், சிலந்தியியலாளர் ஆவார். வீட்டு மூலைகளிலும் புதர்களிலும் ஒழுங்கற்ற வலை பின்னும் ஒட்டடைச் சிலந்திகளின் குடும்பத்தில் தெரிடியன், லாட்ரோடெக்டசு என்னும் இரு பேரினங்களை 1805 ஆம் ஆண்டில் நிறுவியவர் இவரே. நச்சுக்குப் பெயர்பெற்ற கருப்பு விதவைச் சிலந்திகள் இவற்றுள் இரண்டாவதைச் சேர்ந்தவை. உடலமைப்பைக் கொண்டு இவர் வகுத்த லாட்ரோடெக்டசு பேரினம் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் கலையாமல் நிற்கிறது. ஆனால் அதே பேரினத்துள் உடற்குறிகளைக் கொண்டு இவர் பெயரிட்ட இனங்கள் பிற்கால ஆய்வாளர்களிடையே நீண்ட பூசலுக்கு வித்திட்டன.

இளமையும் அரசுப் பணியும்

வால்கெனார் பாரிசு நகரில் பிறந்தார். ஆக்சுபோர்டு, கிளாசுகோ பல்கலைக்கழகங்களில் பயின்றார். பிரெஞ்சுப் புரட்சிக் காலமான 1793 இல் பிரனீசு மலைப்பகுதிப் படையின் போக்குவரத்துக்குப் பொறுப்பேற்றார். பின்னர் பாரிசின் பொறியியல் உயர்பள்ளியான எக்கோல் பொலித்தெக்னிக்கில் கற்றார். 1798 இல் மனித இனத்தின் வரலாறு பற்றி ஒரு நூல் வெளியிட்டார். இக்காலத்தில் புதினங்களும் எழுதினார். அவை இன்று பெரிதும் படிக்கப்படுவதில்லை.

பிரான்சில் முடியாட்சி மீண்டும் ஏற்பட்ட பின்னர் இவருக்கு அரசுப் பதவிகள் அடுத்தடுத்துக் கிடைத்தன. 1816 இல் பாரிசின் ஐந்தாம் வட்டாரத்தின் மேயராகவும் சேன் மாவட்ட ஆட்சியகத்தின் பொதுச் செயலாளராகவும் அமர்ந்தார். 1823 இல் பாரன் என்னும் உயர்குடிப் பட்டம் பெற்றார். 1826 இல் நியேவர் மாவட்டத்துக்கும், அதன் பின்னர் ஏன் மாவட்டத்துக்கும் ஆட்சித் தலைவரானார். 1830 ஆம் ஆண்டுப் புரட்சியுடன் இவரது ஆட்சிப் பணி முடிவுக்கு வந்தது. சிலந்திகளைப் பற்றிய இவரது பெரிய நூல் இந்த ஓய்வுக்குப் பின்னரே வெளிவந்தது.

வால்கெனாருக்கு முன் சிலந்தியியல்

அறிவியல் முறையில் இருசொற் பெயர் பெற்ற முதல் விலங்குகள் சிலந்திகளே. சுவீடன் நாட்டின் கார்ல் கிளார்க் 1757 இல் வெளியிட்ட நூல், லின்னேயசின் புகழ்பெற்ற 1758 ஆம் ஆண்டு நூலுக்கு முந்தியது. விலங்கியல் பெயரிடலில் இந்த ஒரு நூலுக்கு மட்டும் விதிவிலக்கு அளிக்கப்பட்டுள்ளது. எனினும் பெயர்கள் கிடைத்தனவே தவிர, பிரிவுகள் கிடைக்கவில்லை. லின்னேயசு சிலந்திகள் அனைத்தையும் அரானியா என்னும் ஒரே பேரினத்தில் அடக்கினார். குதித்து வேட்டையாடும் சிலந்தியும் வட்ட வலை பின்னும் சிலந்தியும் நண்டு போலப் பக்கவாட்டில் நகரும் சிலந்தியும் ஒரே பெயரின் கீழ் இருந்தன.

இந்த நிலையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதல் சில ஆண்டுகளில் மாற்றியவர்கள் பாரிசில் வாழ்ந்த இருவர். ஒருவர் பூச்சியியலாளர் பியேர் ஆந்திரே லத்ரேய்; மற்றவர் வால்கெனார். வால்கெனார் 1802 இல் பாரிசைச் சுற்றியுள்ள பகுதிகளின் பூச்சிகளைப் பற்றி இரு தொகுதிகள் வெளியிட்டார். மூன்று ஆண்டுகள் கழித்து, 1805 இல், சிலந்திகளை மட்டுமே பொருளாகக் கொண்ட அட்டவணை நூலை வெளியிட்டார். தொமிசசு, போல்கசு, எரிசசு, டீனசு, அகெலினா, மிசுலினா முதலிய பேரினங்கள் இந்நூலில்தான் தோன்றின. தெரிடியனும் லாட்ரோடெக்டசும் இவற்றுடன் சேர்ந்தவையே.

உடலமைப்பின் அடிப்படையில் வகைப்பாடு

வால்கெனார் முதலில் நோக்கியது தாடைகளின் அசைவை ஆகும். சில சிலந்திகளின் நச்சுப்பல் தாங்கிய தாடைகள் கோடரி வெட்டுவது போல மேலிருந்து கீழாக இயங்கும். மற்றவற்றில் அவை இடுக்கி போல இருபுறமிருந்தும் ஒன்றையொன்று நெருங்கும். பெருஞ்சிலந்திகளை ஏனையவற்றிலிருந்து பிரிக்க இந்த வேறுபாடு இன்றும் பயன்படுகிறது.

இரண்டாவதாக இவர் நோக்கியவை கண்கள். பெரும்பாலான சிலந்திகளுக்கு எட்டுக் கண்கள் உண்டு. அவை தலைப்பகுதியில் பெரும்பாலும் இரண்டு வரிசைகளாக அமைந்திருக்கும். வரிசைகள் நேராக உள்ளனவா, வளைந்துள்ளனவா, ஒன்றுக்கொன்று எவ்வளவு தொலைவில் உள்ளன, எந்தக் கண் பெரியது, எவை ஒன்றையொன்று தொடுகின்றன என்பவை பிரிவுக்குப் பிரிவு மாறுபடும். இவற்றுடன் கீழுதட்டின் வடிவம், வாயின் இருபுறத் தகடுகளின் சாய்வு, நான்கு இணைக் கால்களின் ஒப்பு நீளம் ஆகியவற்றையும் இவர் கணக்கில் கொண்டார்.

கண்களைத் தேர்ந்தெடுத்ததற்கு நடைமுறை சார்ந்த வலிமை உண்டு. சிலந்தியின் வயிறு மென்மையானது. உலர்த்தினால் அது சுருங்கிவிடும். சாராயத்தில் இட்டால் அதன் நிறம் நாளடைவில் வெளிறிவிடும். உயிருடன் இருக்கும்போதும் உணவு, முட்டை, வயது ஆகியவற்றால் வயிற்றின் பருமனும் நிறமும் மாறிக்கொண்டே இருக்கும். கண்களோ தலைமார்பின் கடினமான ஓட்டில் பதிந்தவை. இறந்து நூறாண்டு ஆன சிலந்தியிலும் அவற்றின் இடம் மாறாது. கையில் ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி மட்டும் இருந்த ஒருவர் நம்பத்தக்க வேறு உறுப்பைத் தேர்ந்திருக்க முடியாது என்றே சொல்லலாம்.

இவர் சிலந்திகளின் வாழ்முறையையும் வகைப்பாட்டில் சேர்த்தார். ஓடி வேட்டையாடுபவை, குதிப்பவை, அலைந்து திரிபவை, வலையில் தங்குபவை என்னும் பிரிவுகள் இவரது நூலில் உண்டு. இப்பகுதி பின்னாளில் கைவிடப்பட்டது. பேழையில் உள்ள சிலந்தி தன் வலையைக் காட்டாது என்பது ஒரு காரணம். தொடர்பில்லாத சிலந்திகளும் ஒரே வகையில் இரை தேடக்கூடும் என்பது அதைவிட முதன்மையான காரணம்.

லாட்ரோடெக்டசு பேரினம்

இத்தாலியின் தசுக்கனிப் பகுதியில் கரிய உடலில் பதின்மூன்று சிவப்புப் புள்ளிகள் கொண்ட ஒரு சிலந்தி உழவர்களால் பெரிதும் அஞ்சப்பட்டது. அறுவடைக் காலத்தில் வயலில் வேலை செய்வோரை அது கடிப்பதுண்டு. பியெத்ரோ ரோசி 1790 இல் இதற்குப் பதின்மூன்று புள்ளிச் சிலந்தி எனப் பொருள்படும் பெயரை இட்டு, வழக்கம் போல அரானியா பேரினத்தில் வைத்தார். வட அமெரிக்காவைச் சேர்ந்த இன்னொரு கரிய சிலந்திக்கு யோகான் பாபிரீசியசு 1775 இலேயே அரானியா மக்டான்சு எனப் பெயரிட்டிருந்தார். கடலால் பிரிக்கப்பட்ட இவ்வினங்கள் ஒரே பேரினத்தில் இடம்பெற்றிருப்பது வால்கெனார் நிறுவிய லாட்ரோடெக்டசின் வழியாகவே ஆகும். ரோசியின் சிலந்தி இப்பேரினத்தின் மாதிரி இனமாகும்.

இப்பேரினத்தை அதன் உறவுகளிலிருந்து பிரித்துக் காட்டும் அடையாளம் மிகச் சிறியது. ஒட்டடைச் சிலந்திகளுள் பெரும்பாலானவற்றில், ஒவ்வொரு பக்கத்திலும் முன்வரிசை, பின்வரிசை ஆகியவற்றின் ஓரக் கண்கள் இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும், அல்லது மிக நெருங்கியிருக்கும். லாட்ரோடெக்டசில் அவை தெளிவாக விலகி நிற்கும். பளபளக்கும் கருமையோ, வயிற்றின் அடியில் உள்ள மணற்கடிகை வடிவச் சிவப்புக் குறியோ, அச்சம் தரும் நச்சோ இப்பேரினத்தின் உறுதியான எல்லைகள் அல்ல. பழுப்பு நிற லாட்ரோடெக்டசுகள் உண்டு. மணற்கடிகைக் குறி உடைந்தோ மங்கியோ இருப்பவையும் உண்டு. ஓரக் கண்களுக்கு இடையே உள்ள இடைவெளி மட்டும் மாறுவதில்லை.

லாட்ரோடெக்டசு என்ற சொல்லின் பொருள் பற்றி ஒருமித்த கருத்து இல்லை. கடிப்பவர் என்னும் பொருள் தரும் கிரேக்கச் சொல் அதன் இரண்டாம் பகுதியில் உள்ளது. முதற்பகுதி கள்வனைக் குறிப்பதாகப் பலர் கொள்வர். எவ்வாறாயினும் இப்பெயர் விலங்கியலைத் தாண்டி மருத்துவத்திலும் புகுந்துவிட்டது. இச்சிலந்திகளின் கடியால் ஏற்படும் நோய்நிலை லாட்ரோடெக்டிசம் எனவும், நரம்பு முனைகளிலிருந்து செய்தி கடத்தும் வேதிப்பொருட்களைப் பெருமளவில் வெளியேறச் செய்யும் அவற்றின் நச்சுப் புரதம் ஆல்பா-லாட்ரோடாக்சின் எனவும் வழங்கப்படுகின்றன.

இன்று இப்பேரினத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் ஏற்கப்பட்டுள்ளன. ஆத்திரேலியாவின் செம்முதுகுச் சிலந்தியும், வெப்ப நாடுகள் பலவற்றில் பரவியுள்ள பழுப்பு விதவைச் சிலந்தியும் இவற்றுள் அடங்கும். இலங்கையிலிருந்து 1991 இல் விவரிக்கப்பட்ட லாட்ரோடெக்டசு எரித்ரோமெலாசும் இப்பேரினத்தைச் சேர்ந்ததே.

ஜார்ஜியா ஓவியங்கள்

வால்கெனாரின் பணியில் மிகுந்த விவாதத்துக்கு உள்ளான பகுதி, அவர் ஒருபோதும் காணாத சிலந்திகளைப் பற்றியது. இலண்டனில் பிறந்த ஜான் ஆபட் என்னும் ஓவியர் 1770களில் அமெரிக்காவுக்குச் சென்று ஜார்ஜியாவில் வாழ்ந்தார். ஐரோப்பியச் சேகரிப்பாளர்களுக்குப் பூச்சிகளைப் பிடித்து அனுப்புவதும், அவற்றை நீர்வண்ணத்தில் வரைந்து விற்பதும் அவரது பிழைப்பு. அவர் வரைந்த நூற்றுக்கணக்கான சிலந்திப் படங்களின் தொகுப்பு ஒன்று பின்னர் வால்கெனாரின் கைக்கு வந்தது.

ஆப்டெரா எனப்பட்ட இறக்கையற்ற கணுக்காலிகளைப் பற்றிய வால்கெனாரின் பெருநூல் 1837 முதல் 1847 வரை நான்கு தொகுதிகளாக வெளிவந்தது. பிற்பகுதியில் பால் செர்வே துணை நின்றார். இந்நூலில் வால்கெனார் ஆபட்டின் படங்களை மட்டுமே ஆதாரமாகக் கொண்டு பல அமெரிக்க இனங்களுக்குப் பெயரிட்டார். படத்தில் உள்ள சிலந்தியின் வயிற்றுக் குறிகளும் கால் வரிகளும் சொற்களாக மாறின. சான்றாக வைக்க உடல் எதுவும் இல்லை. கண்களின் இடத்தை அளந்து பேரினம் கண்ட அதே ஆசிரியர், இனங்களைப் பொறுத்தவரை ஓவியரின் தூரிகையை நம்பவேண்டியதாயிற்று. அந்தத் தூரிகை நேர்மையானதுதான்; ஆயினும் உருப்பெருக்கியில் மட்டும் தெரியும் உறுப்புகளை அது வரையவில்லை.

சிக்கல் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் வெடித்தது. இதற்கிடையில் அமெரிக்காவில் குடியேறிய நிக்கோலசு மார்செலசு ஹென்ட்சு, தாமே சிலந்திகளைச் சேகரித்து ஆராய்ந்து 1840களில் பெயரிட்டு வந்தார். அமெரிக்க ஆய்வாளர்கள் அவரது பெயர்களையே பின்பற்றினர். ஆபட்டின் ஓவியத் தொகுப்பு இலண்டனில் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருப்பதைக் கண்ட என்றி மெக்குக், முந்திய பெயரே செல்லும் என்னும் விதிப்படி வால்கெனாரின் பெயர்கள் ஹென்ட்சின் பெயர்களுக்குப் பதிலாக வரவேண்டும் என 1888 இல் வாதிட்டார். ஜேம்சு எமர்ட்டன் அதே ஆண்டில் இதை எதிர்த்தார். யாரும் காணாத படங்களுக்காக, நன்கு வழங்கும் பெயர்களைக் கைவிடுவதா என்பதே அன்று எழுந்த கேள்வி. ஒவ்வோர் இனத்தைப் பற்றிய பழைய குறிப்புகளைத் தேடும் ஆய்வாளருக்கு இது வெறும் சொற்போர் அன்று. பெயர் மாறினால் அந்த இனத்தைப் பற்றிய முன்னறிவின் இழையும் அறுந்துபோகும்.

1944 இல் ரால்ப் சேம்பர்லினும் வில்டன் ஐவியும் ஆபட் ஓவியங்களின் படிகளை ஜார்ஜியாப் பகுதியின் உண்மையான சிலந்திகளுடன் ஒப்பிட்டுப் பல பெயர்களை அடையாளம் கண்டனர். பிசோரினா மிரா, டொலோமிடிசு டிரைடன் முதலிய அமெரிக்கச் சிலந்திகள் இன்றும் வால்கெனார் இட்ட இனப் பெயர்களையே தாங்கி நிற்கின்றன.

லாட்ரோடெக்டசிலும் இதுவே நடந்தது. 1837 ஆம் ஆண்டுத் தொகுதியில் வால்கெனார் இப்பேரினத்தில் பல அமெரிக்க இனங்களைச் சேர்த்தார். அவற்றுள் சில, பாபிரீசியசின் மக்டான்சு இனத்தின் மாறுபட்ட தோற்றங்களே எனப் பின்னர் முடிவு செய்யப்பட்டு நீக்கப்பட்டன. விதவைச் சிலந்திகளின் குஞ்சுகள் வெண்மையும் செம்மஞ்சளும் கலந்த குறிகளுடன் பிறந்து, தோலுரிக்கும்தோறும் கருமையடைகின்றன. ஆண்கள் வளர்ந்த பின்னரும் வண்ணக் குறிகளை இழப்பதில்லை. எனவே ஒரே இனத்தின் பல வயதினரைப் பல இனங்களாகக் கொள்வது எளிது. ஆனால் இவர் வேரியோலசு எனப் பெயரிட்ட இனம் தப்பிப் பிழைத்தது. வட அமெரிக்காவின் வடபகுதி விதவைச் சிலந்தி தனி இனமே என 1964 இல் ஜான் மெக்குரோனும் எர்பர்ட் லீவையும் காட்டியபோது, அதற்குரிய பெயராக லாட்ரோடெக்டசு வேரியோலசு ஏற்கப்பட்டது.

வால்கெனாருக்குப் பின்

இருபதாம் நூற்றாண்டில் ஆய்வாளர்கள் நிறத்தை விட்டு இனப்பெருக்க உறுப்புகளுக்குத் திரும்பினர். ஆண் சிலந்தியின் வாயருகே உள்ள உணர்காலின் நுனியில் விந்தைச் செலுத்தும் சுருண்ட ஊசி போன்ற உறுப்பு ஒன்று உண்டு. பெண்ணின் உடலுள் அதற்கு ஏற்ற சுருள் குழாய்களும் விந்துப்பைகளும் உள்ளன. எத்தனை சுருள் என்பதைக் கொண்டு இனங்களைப் பிரிக்கலாம் எனக் கருதிய லீவை, 1959 இல் லாட்ரோடெக்டசு முழுவதையும் மீளாய்வு செய்து, உலகில் உள்ள இனங்களை ஆறாகக் குறைத்தார். இத்தாலியின் பதின்மூன்று புள்ளிச் சிலந்தியும் ஆத்திரேலியாவின் செம்முதுகுச் சிலந்தியும்கூட மக்டான்சின் துணையினங்களாயின. இப்பேரினத்தில் தனித்தனி இனங்களின் இனப்பெருக்க உறுப்புகளும் ஒன்றுபோல் இருக்கக்கூடும் என்பது பின்னர் தெரியவந்தது. அவற்றின் பயன்பாட்டுக்கு எல்லை உண்டு என்பதை 1983 இல் லீவையே எடுத்துக் கூறினார். அதன் பின்னர் முட்டைப்பையின் வடிவம், புணர்ச்சி நடத்தை, மரபணு ஆகியவை துணைக்கு வந்தன. இனங்களின் எண்ணிக்கை மீண்டும் உயர்ந்தது. 2004 இல் வெளியான மரபணு ஆய்வு இப்பேரினத்துள் இரு கிளைகளைக் காட்டியது. இத்தனை குழப்பத்திலும் பேரினத்தின் வெளி எல்லை அசையவில்லை.

தெரிடியன் பேரினத்தின் கதை வேறு. கிரேக்க மொழியில் சிறு விலங்கு எனப் பொருள்படும் இப்பெயருக்குள், உருண்டை வயிறும் மெல்லிய கால்களும் கொண்ட சிலந்தி எதையும் இடலாம் என்ற நிலை ஏற்பட்டது. காரல் சுண்டேவால் 1833 இல் இப்பேரினத்தின் பெயராலேயே தெரிடீடே குடும்பத்தை நிறுவினார். நான்காம் காலின் நுனியில் சீப்பின் பற்கள் போன்ற மயிர்வரிசை இருப்பது இக்குடும்பத்தின் அடையாளம். சிக்கிய இரையின் மீது ஒட்டும் நூலை வாரி இறைக்க அது உதவுகிறது. லோர்னா லீவையும் எர்பர்ட் லீவையும் 1962 இல் இக்குடும்பத்தின் பேரினங்களை மறுசீரமைத்தபோது, நூற்பு உறுப்புகளுக்கு முன்னால் உள்ள கோலுலசு என்னும் சிறு முனைப்பைக் கவனித்தனர். அது பெரிதாக உள்ளதா, இரு மயிர்களாகக் குறுகியுள்ளதா, அறவே இல்லையா என்பது அவர்களது முதன்மையான திறவுகோல்களுள் ஒன்று. லாட்ரோடெக்டசில் அது பெரிதாக உள்ளது; தெரிடியனில் இல்லை. உலகெங்கும் வீடுகளில் காணப்படும் ஒரு சிலந்தி 1841 இல் தெரிடியனில் சேர்க்கப்பட்டு, பின்னர் அக்கேயரேனியாவுக்கும் 2006 இல் பாரசுடியட்டோடாவுக்கும் மாற்றப்பட்டது. இவ்வாறு பல இனங்கள் வெளியேறிய பின்னரும் தெரிடியனில் பல நூறு இனங்கள் எஞ்சியுள்ளன. அவை அனைத்தும் ஒரே மூதாதையின் வழிவந்தவை என எவரும் கருதுவதில்லை.

பிற பணிகள்

வால்கெனாரின் காலத்தவர்கள் அவரைச் சிலந்திகளுக்காக அல்ல, பிற நூல்களுக்காகவே அறிந்திருந்தனர். அயர்லாந்துத் துறவி டிக்குயில் ஒன்பதாம் நூற்றாண்டில் எழுதிய புவியியல் நூலை 1807 இல் முதன்முறையாக அச்சேற்றினார். பெலிக்சு தே அசாராவின் தென் அமெரிக்கப் பயண நூலை 1809 இல் பதிப்பித்தார். 1817 இல் தனித்து வாழும் தேனீக்களைப் பற்றி எழுதினார். நீதிக்கதைக் கவிஞர் லா பொன்டேனின் வாழ்க்கை வரலாறு 1820 இல் வெளிவந்தது. கடித இலக்கியத்தால் புகழ்பெற்ற செவிஞே சீமாட்டியைப் பற்றிய பல தொகுதி நூலில் இறுதிவரை உழைத்தார். பண்டைய கால் நாட்டின் புவியியல் குறித்த இவரது ஆய்வு 1839 இல் வெளியானது.

1813 இல் பிரெஞ்சு அறிவுக்கழகத்தின் உறுப்பினரான இவர், 1840 இல் கல்வெட்டு, பண்டை இலக்கியக் கழகத்தின் நிலையான செயலாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1832 இல் நிறுவப்பட்ட பிரான்சுப் பூச்சியியல் சங்கத்தின் நிறுவனர்களுள் ஒருவர் என்பதும் குறிப்பிடத்தக்கது.

அதே 1832 இல் பாரிசில் இவர் பழைய தோல் நிலப்படம் ஒன்றை வாங்கினார். கொலம்பசுடன் பயணம் செய்த உவான் தே லா கோசா 1500 இல் வரைந்த உலகப் படம் அது. அமெரிக்க நிலப்பகுதியைக் காட்டும் படங்களுள் இன்று கிடைப்பவற்றில் மிகப் பழமையானது. வால்கெனாரின் நூலகத்தில் அதை ஆராய்ந்த அலெக்சாண்டர் பொன் அம்போல்ட்டு அதன் சிறப்பை அறிஞர் உலகுக்கு எடுத்துக் காட்டினார்.

மறைவும் பெயர் தாங்கும் சிலந்திகளும்

வால்கெனார் 1852 ஏப்ரல் 28 அன்று பாரிசில் காலமானார். அடுத்த ஆண்டு அவரது நூலகம் ஏலத்துக்கு வந்தபோது லா கோசாவின் படத்தை எசுப்பானிய அரசு வாங்கியது. அது மத்ரீது கடற்படை அருங்காட்சியகத்தில் உள்ளது.

இவரது பெயரைத் தாங்கும் சிலந்திகள் சில உண்டு. 1832 இல் புரூலே பெயரிட்ட எரிசசு வால்கெனேரி, வால்கெனாரே நிறுவிய பேரினம் ஒன்றில் இடம்பெற்றுள்ளது. நச்சுச் சுரப்பியே இல்லாத ஊலோபோரசு பேரினத்தின் முதல் இனத்துக்கு 1806 இல் லத்ரேய் இட்ட பெயர் ஊலோபோரசு வால்கெனேரியசு என்பதாகும்.